மட்காத நார்க்கழிவும் வெளுத்துப்போன தக்காளியும்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். பக்கத்துத் தேங்காய் நார் மில்லில் சும்மா கொடுத்தார்கள் என்று அரை ஏக்கருக்கு இரண்டு டிராக்டர் நார்க்கழிவைக் கொட்டி, ரொட்டவேட்டர் ஓட்டித் தக்காளி நட்டேன். 25 நாள் ஆகிறது. செடி எழும்பவே இல்லை, அடி இலை எல்லாம் வெளுக்கிறது. லோடு பற்றாமல் விட்டுப்போன நான்கு வரிசை மட்டும் பச்சையாக நிற்கிறது. இது வைரஸா? மருந்து ஏதாவது அடிக்கட்டுமா?

பதில்: மருந்துக்கடைக்குப் போக வேண்டாம். அந்த நான்கு வரிசையே பதிலைச் சொல்லிவிட்டது. இலைச்சுருள் வைரஸ் என்றால் கொழுந்து இலை சுருண்டு சிறுத்துப்போகும், அதுவும் நார்க்கழிவு போட்ட இடம் போடாத இடம் என்று பார்த்து வராது. அடி இலை ஒரே சீராக வெளுப்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பற்றாக்குறை.

எரு போட்ட மண்ணில் பற்றாக்குறை எப்படி வரும் என்று கேட்பீர்கள். நீங்கள் போட்டது இன்னும் எரு ஆகவில்லை. பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம் இருக்கிறது. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். கழிவில் கிடைக்காததால் உங்கள் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றன. முதல் பந்தி அவற்றுக்கு, செடிக்கு மிச்சம் இருந்தால்தான். மரக்கட்டையில் இருக்கும் லிக்னின் இதிலும் நிறைய இருப்பதால் அந்தப் பந்தி சீக்கிரம் எழுந்திருக்கவும் செய்யாது.

இப்போதைக்குச் செடியைத் தேற்றுவோம். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் யூரியா கரைத்துச் சாயங்கால நேரத்தில் இலை நனையத் தெளியுங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. மண்ணுக்கு, அரை ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ யூரியாவை இரண்டாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில், தண்டில் படாமல் சற்றுத் தள்ளி வைத்து மண் அணையுங்கள். சொட்டுநீர் இருந்தால் அதிலேயே கரைத்து விடலாம். அப்புறம் தண்ணீர் விஷயம். நார்க்கழிவு தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீர் பிடிக்கும். மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாய்ச்ச வேண்டும். வெளுத்த செடிக்குத் தண்ணீரைக் கூட்டி வேரழுகலையும் வாங்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாடித்தோட்டக்காரர்கள் இதையே தொட்டியில் வைத்து வளர்க்கிறார்களே என்றால், அவர்கள் வாங்குவது கழுவி உப்பு நீக்கிய கட்டி. சத்தைத் தனியாகக் கொடுக்கிறார்கள்.

மில்காரர் மறுபடியும் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், நல்ல சரக்குதான். ஆனால் மட்கவைத்துப் போடுங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது: ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, ஒன்றரைக் கிலோ சிப்பிக்காளான் வித்து. 100 கிலோ கழிவைப் பரப்பி அதன்மேல் 300 கிராம் வித்து, அடுத்த 100 கிலோவின் மேல் ஒரு கிலோ யூரியா என்று மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. யூரியா வேண்டாம் என்பவர்கள் டன்னுக்கு 200 கிலோ புதுக் கோழி எருவைச் சேர்க்கலாம். பத்து நாளுக்கு ஒருமுறை கிளறி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சுமார் 60 நாளில் கறுத்து, மண்வாசனையோடு குவியல் அமுங்கியிருக்கும். நாளை எண்ணி நம்ப வேண்டாம். ஒரு சிரட்டையில் அந்த எருவைப் போட்டு நான்கு தட்டைப்பயறு ஊன்றிப் பாருங்கள். முளைத்து, இலை வெளுக்காமல் நின்றால் வயலுக்குக் கொண்டுபோகலாம், ஏக்கருக்கு 2 டன் போதும்.

குவியலை மேடான, நிழலான இடத்தில் போடுங்கள். மழையில் அதிலிருந்து காபி நிறத்தில் சாயத் தண்ணீர் வழியும், அது கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. மழைக்காலத்தில் தென்னங்கீற்றை மேலே போட்டு மூடிவிடுங்கள்.