கிள்ளான் தம்பிக்கு: சென்னையில் முதலில் கரண்ட், அப்புறம்தான் மிக்சர்

தம்பி,

ஓசிஐ அட்டையோடு (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) மலேசியாவின் கிள்ளானிலிருந்து சென்னைக்கு வந்து லைவ் சவுண்ட் தொழில் செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சேர்த்து வைத்த பணத்தில் சொந்தமாக ஒரு செட் போட என்ன மிக்சர், என்ன ஸ்பீக்கர் வாங்கலாம், சாமானை அங்கிருந்தே கொண்டுவரலாமா, எந்த மாதம் வந்து இறங்கினால் நல்லது, வாடகை, சாப்பாடு, வெயில் எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் 2006இல் ஈப்போவிலிருந்து நான் இங்கே வந்து பட்ட பாடெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கவலையே வேண்டாம். வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் சினிமா ஆட்களும் சவுண்ட் ஆட்களும் நிறைய இருக்கிறார்கள், வீடு கிடைக்கும். வாசலில் குட்டி யானை (டாடா ஏஸ் சின்ன லாரி) நின்று சாமான் இறக்க இடம் உள்ள தெருவாகப் பாருங்கள், போதும். வெயில் பழகிவிடும். மிக்சரும் பெரிய கேள்வி இல்லை. பெரிங்கர் எக்ஸ்32 டிஜிட்டல் மிக்சர் வந்தது 2012இல்; இன்றைக்கும் அதைத் தொடத் தெரிந்த ஆள் இந்த ஊரில் எந்த மேடையிலும் கிடைப்பார். நல்ல நிலையில் பழையது ஒன்று அமைந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் பட்டியலின் கடைசி வரி. இரண்டு டாப் ஸ்பீக்கர், இரண்டு சப் (அடித்தொனி ஸ்பீக்கர்), வயர்லெஸ் மைக், இன்-இயர் (பாடுகிறவர் காதில் மாட்டுவது) என்று எழுதிக்கொண்டே வந்து அடியில் "எக்ஸ்டென்ஷன், வயர்: மிச்சப் பணத்தில்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரியைத் தூக்கி மேலே போடுங்கள். முதல் செலவு கரண்டுக்குத்தான்.

நாம் வளர்ந்த நாட்டில் பிளக்குக்கு மூன்று சதுரக் கால். அதற்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கும். வீட்டுக்கு வீடு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே கட் பண்ணுகிற சுவிட்ச்) இருக்கும். கரண்டைப் பற்றி நினைக்காமலே வளர்ந்துவிட்டோம். இங்கேயும் அதே 230 வோல்ட், அதே 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் பிளக் உருண்டைக் கால், உள்ளே ஃபியூஸ் கிடையாது. கல்யாண மண்டபத்திலோ கோவில் பந்தலிலோ உங்களுக்குத் தருகிற லைனில் எந்தப் பாதுகாப்பு இருக்கிறது, எது இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாதுகாப்பை நாம்தான் கையோடு கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து வருகிற பையன்கள் பலர் யுனிவர்சல் அடாப்டரை மாட்டி வேலையை முடித்துக்கொள்கிறார்கள். அந்த அடாப்டர்கள் பலவற்றில் எர்த் கால் எங்கேயும் தொடாது. பிளக்கை வெட்டிவிட்டு இந்த ஊர் 16 ஆம்ப்ஸ் பிளக்கை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் வந்த முதல் வருஷம் ஆடி மாதம். ஒரு வாடகை சவுண்ட் கம்பெனியில் ஹெல்பராக இருந்தேன். ராயபுரம் பக்கம் ஓர் அம்மன் கோவில், மெல்லிசைக் கச்சேரி, ஜெனரேட்டர் லைன். மூன்றாவது பாட்டோ நான்காவதோ, பந்தலின் ஒரு பக்கத்துக் குண்டு பல்புகள் திடீரென்று வெள்ளையாகப் பளீரென எரிந்தன. மறுபக்கத்து பல்புகள் சிவந்து மங்கின. என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குள் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ராக்கில் படபடவென்று சத்தம், மீன் கருகின மாதிரி ஒரு நாற்றம், புகை. பாட்டு நின்றது. ஜெனரேட்டர் பேனலைத் திறந்து பார்த்தால் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) போல்ட் தளர்ந்து, வயர் முனையில் உள்ள லக் கருகிக் கறுத்துப்போயிருந்தது. போல்ட்டை முடுக்காதது ஜெனரேட்டர்காரர். ஆனால் ராக் பக்கத்தில் நின்றிருந்தது நான் என்பதற்காக என் சம்பளத்தில் பல மாதம் பிடித்தார்கள். "நீதான் ஃபாரின் ரிட்டர்ன் ஆச்சே, உனக்கென்ன" என்று வேறு சொன்னார் முதலாளி. கையில் அரிசி வாங்கக் காசில்லாத நாட்கள் அவை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று புரிந்துகொள்ளுங்கள். மூன்று பேஸ் லைன் என்றால் கரண்ட் வருகிற வயர் மூன்று, மூன்றுக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல். அதில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 400. நியூட்ரல் கழன்றால் அந்த 400 இரண்டு பக்க லோடுக்கும் நடுவே தாறுமாறாகப் பிரியும். லோடு அதிகம் உள்ள பேஸில் வோல்டேஜ் விழும், குறைவாக உள்ள பேஸில் 300க்கு மேல்கூட ஏறும். பாட்டுக்கு நடுவில் கொஞ்சம் அமைதி வரும்போது உங்கள் ஆம்ப் அதிகம் கரண்ட் இழுக்காது, அப்போது அடி அதற்குத்தான். சர்வோ ஸ்டெபிலைசர் (மோட்டார் வைத்து வோல்டேஜைச் சரிசெய்கிற பெட்டி) காப்பாற்றும் என்று கடையில் சொல்வார்கள். அதன் மோட்டார் திரும்புவதற்குள் ஆம்ப் போய்விடும்.

ஆகவே ஒரு டிஸ்ட்ரிபியூஷன் பெட்டி செய்துகொள்ளுங்கள். உள்ளே வருவது 63 ஆம்ப்ஸ் மூன்று பேஸ், நான்கு போல் எம்சிபி (லோடு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, பேஸுக்கு ஒரு வோல்ட் மீட்டர், வோல்டேஜ் ஏறினாலோ இறங்கினாலோ கட் பண்ணுகிற ரிலே. வெளியே போவது எல்லாம் இன்டஸ்ட்ரியல் சாக்கெட். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். நல்ல வயர்லெஸ் மைக் செட் ஒன்றின் விலையில் முடிந்துவிடும். பெட்டியிலிருந்து வெளியே போகிற 16 ஆம்ப்ஸ் வயர் மூன்று கோர், செம்பு, 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பெட்டி இருந்தாலும் மல்டிமீட்டர் வைக்காமல் எதையும் சொருகாதீர்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் 230 வர வேண்டும். லைனுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. லைன்-எர்த் 110, 120 என்று மிதந்தால் ஜெனரேட்டரில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கவில்லை, அல்லது எர்த் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ஆர்சிசிபியை நம்ப முடியாது. லைட் எல்லாம் போட்ட பிறகு இன்னொரு தடவை அளந்து பாருங்கள். எல்இடி வால் ஒரு பேஸ், லைட் ஒரு பேஸ், சவுண்டுக்குத் தனிப் பேஸ் என்று முன்பணம் வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேடையில் நின்று கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்" என்ற பதில்தான் வரும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கீபோர்டில் ஹம் (ம்ம்ம் என்ற இரைச்சல்) வந்தால் "எர்த் கால உடைச்சு விட்ரு, போயிடும்" என்று யாராவது அனுபவசாலி சொல்வார். ஹம் போகும். அப்புறம் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைக்கிற பிள்ளைக்கு ஷாக் அடிக்கும். அது சுள்ளென்று முடிந்தால் அதிர்ஷ்டம். ஹம்மை எடுக்க, வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கிற டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது, அது சிக்னல் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும். பவர் பிளக்கின் எர்த்தை யாருக்காகவும் தொடாதீர்கள். அதற்காக ஒரு நிகழ்ச்சி கைவிட்டுப் போனாலும் போகட்டும்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்களில் ஒரு கூட்டம், எதைப் பார்த்தாலும் "எங்க கேஎல்ல (கோலாலம்பூர்ல) இப்படி இல்ல" என்று முகம் சுளிக்கும். தங்களுக்குள்ளேயே சேர்ந்து சாப்பிட்டு, தங்களுக்குள்ளேயே வேலை பேசி, கடைசியில் மிக்சர் கன்சோலை நஷ்டத்துக்கு விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த ஊர் ஆட்களோடு பழகாமல் இந்தத் தொழில் நடக்காது. மேடைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது ஜெனரேட்டர் அண்ணனைத்தான். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணா, நியூட்ரல ஒரு தபா டைட் பண்ணிக்கலாமாண்ணா?" என்று கேட்பேன். அவர் ஸ்பேனர் எடுத்து வருவார். மலேசியாக்காரன் என்று என் பேச்சை வைத்துக் கண்டுபிடிக்கிறவர்கள் இப்போது யாரும் இல்லை. அது எனக்குப் பெருமைதான்.

எர்த்தைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தது பொறியியல் படித்தவர் யாருமில்லை. திருவல்லிக்கேணியில் மைக் செட் வைத்திருந்த ஒரு பெரியவர். குழாய் ஸ்பீக்கர் காலத்து ஆள். கடற்கரைப் பக்கத்துக் காய்ந்த மணலில் எர்த் ராடு அடித்தால் அது பேருக்குத்தான் எர்த் என்பார். ஆழமாக அடிக்கச் சொல்லி, சுற்றிப் பள்ளம் தோண்டி, உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றுவார். ஊற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளப்பார். முள் நகர்வதை என்னையும் குனிந்து பார்க்கச் சொல்வார். என் முதல் பெட்டிக்கு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அவர்தான் கூட வந்து மீட்டர் பொறுக்கிக் கொடுத்தார். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் சுற்றியவர்களுக்கு ரிச்சி தெரு உடனே பிடித்துப்போகும்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனமான சாமானை அங்கிருந்து கொண்டுவர வேண்டாம், கஸ்டம்ஸும் வாரண்டியும் சேர்ந்து தலைவலி. மைக், டிஐ, ஹெட்போன் மட்டும் போதும். 700 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற பழைய வயர்லெஸ் இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். 2022 ஏலத்துக்குப் பிறகு அந்தப் பட்டையில் இங்கே 5ஜி ஓடுகிறது. கேஸ் செய்யும்போது குட்டி யானையின் தொட்டி ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம் என்பதை மனதில் வைத்து அளவு கொடுங்கள். கடல் காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்கும், கான்டாக்ட் கிளீனர் எப்போதும் இருக்கட்டும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. "இன்னும் ரெண்டே பாட்டு" என்று கேட்பவர் வீட்டுக்குப் போய்விடுவார், போலீஸ் கேள்வி கேட்பது சவுண்ட் ஆளைத்தான்.

எப்போது வருவது என்றால், ஜூன் கடைசியில் வந்துவிடுங்கள். ஆடியில் கல்யாணம் இருக்காது, ஆனால் தெருவுக்குத் தெரு அம்மன் கோவில் நிகழ்ச்சி இருக்கும். ஜெனரேட்டர் லைனை அங்கேதான் பழக முடியும். ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தார்ப்பாய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் சபாக்களில் உதவிக்கு ஆள் தேடுவார்கள். மிருதங்கத்தின் இரண்டு பக்கத்துக்கும் மைக் வைத்துப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. டிக்கெட் போட்டதும் எழுதுங்கள், பெட்டி செய்கிற எலெக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.