எழுபத்தொன்று

அன்புள்ள ஐயா,

நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே நடுக்கம். மீட்டிங்கில் பேச வேண்டியிருக்கும் என்றே டீம் லீடர் பதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போன வாரம் இணையத்தில், பிறர் முன்னால் வரும் பயத்தை அளக்கும் லீபோவிட்ஸ் கேள்வித்தாளை நிரப்பினேன். 71 வந்தது. அம்மா, “கூச்ச சுபாவம், கல்யாணமானால் சரியாகிவிடும்” என்கிறார். இது நோயா, சுபாவமா? அமெரிக்கத் தாள் நமக்குப் பொருந்துமா?

ம.

அன்புள்ள ம.,

நான் மருத்துவன் இல்லை. அந்தத் தாளை நானும் நிரப்பியவன், அவ்வளவுதான்.

மைக்கேல் லீபோவிட்ஸ் என்ற மனநல மருத்துவர் 1987இல் வெளியிட்டது அது. 24 சூழல்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பயம், எவ்வளவு தவிர்த்தீர்கள் என்று தனித்தனியே 0 முதல் 3 வரை போட வேண்டும். அதிகபட்ச மொத்தம் 144. 30ஐத் தாண்டினால் சமூகப் பதற்றக் கோளாறு இருக்கலாம், 60ஐத் தாண்டினால் அது பல சூழல்களுக்கும் பரவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆக, 71ஐ ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நீங்கள் கூட்டுத்தொகையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பயம் எத்தனை, தவிர்த்தல் எத்தனை?

பிறர் பார்க்க எழுதுவது பற்றி அதில் ஒரு கேள்வி உண்டு. வங்கியில் நூல் கட்டிய பேனாவோடு நான் செலான் எழுதும்போது, பின்னால் நிற்பவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார். கை ஆடும், கையெழுத்து கோணும். பல வருடம் தம்பியைத்தான் அனுப்பினேன். அன்று போட்டிருந்தால் பயம் 3, தவிர்த்தல் 3. இப்போதும் கை ஆடுகிறது. பயத்துக்கு 2 போடுவேன். ஆனால் நானே போகிறேன், தவிர்த்தல் 0. ஆறு இரண்டானதில் பெரும்பங்கு இரண்டாவது கட்டத்தில்தான்.

இன்னொன்று. தெரியாதவருக்கு போன் செய்வதை வீட்டில் அம்மா பார்த்துக்கொண்டால், ‘அந்தத் தேவையே வரவில்லை’ என்று 0 போட்டுவிடுவோம். அப்படி நேராத சூழலை, நேர்ந்தால் என்ன செய்வோம் என்று நினைத்துப் பார்த்துப் போட வேண்டும். அந்தக் கட்டங்களை மறுபடி பாருங்கள்.

பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. கடையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது பற்றிக் கேட்கிறார்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று போர்டு மாட்டிய ஊரில் யாருக்குத்தான் தயக்கம் இருக்காது? விருந்து வைப்பது பற்றிக் கேட்கிறார்கள், விசேஷ வீட்டில் பெரியம்மா “இப்ப என்ன பண்றே?” என்று கேட்பது அதில் இல்லை. அதனால் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்காக வேறு தாள் தேடி அலையாதீர்கள்.

நோயா சுபாவமா என்பதை எந்தத் தாளும் தனியாகச் சொல்லாது. இதனால் வாழ்க்கையில் எது நின்றுபோனது என்று மருத்துவர் கேட்பார். உங்களிடம் பதில் இருக்கிறது, வேண்டாம் என்று சொன்ன அந்தப் பதவி. அப்புறம், கல்யாணம் இதற்கு மருந்தில்லை. ஊரே பார்க்க மணமேடையில் உட்கார்வது இருக்கிறதே, ‘எல்லோர் கவனமும் உங்கள் மேல்’ என்பது அந்தத் தாளிலேயே ஒரு கேள்வி!

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். நேரில் போகத் தயக்கமென்றால் முதலில் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், 14416. நேரில் போகும்போது தாளைக் கையோடு கொண்டு போங்கள். மருத்துவர் முன்னால் வாய் வராவிட்டால் அப்படியே நீட்டிவிடலாம். சிகிச்சை தொடங்கிச் சில மாதம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்புங்கள், இரண்டு கட்டத்தையும் தனித்தனியாகக் கூட்டி.