வாடகை பாக்கிக்குத் தீர்ப்பு வந்தும் பணம் வரவில்லையா?

கேள்வி: நான் மதுரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரர் மேல் வாடகை பாக்கிக்காக வழக்குப் போட்டேன். 1,86,000 ரூபாயும் வட்டியும் தரவேண்டும் என்று ஒன்றரை வருடத்துக்கு முன்பு தீர்ப்பானது. இன்றுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை. அவர் இப்போது கோவையில் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராம், சம்பளம் 28,000 என்கிறார்கள். கோர்ட்டே வசூலித்துத் தராதா? "30 சதவீதம் கொடுங்கள், வாங்கித் தருகிறோம்" என்று ஒருவர் வருகிறார். அவரிடம் ஒப்படைக்கலாமா?

பதில்: ஒப்படைக்காதீர்கள் அம்மா. ஏற்கெனவே ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள்.

கோர்ட் தானாக வசூலித்துத் தராது. தீர்ப்போடு அந்த வழக்கு முடிந்தது. பணத்துக்கு நிறைவேற்று மனு என்று தனியாக ஒன்று போடவேண்டும்; கோர்ட் வளாகத்தில் 'இ.பி.' என்பார்கள். அதற்கு 12 வருடம் அவகாசம் உண்டு. ஆனால் நீங்கள் இன்னும் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். இரண்டு வருடம் தாண்டினால் முதலில் அவருக்கு நோட்டீஸ் அனுப்பியே தீரவேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் வேலையை மாற்றிக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுச் சாமான் ஜப்திக்கு ஆசைப்படாதீர்கள். பாத்திரம், படுக்கை, உடுப்பு எதையும் தொடமுடியாது. மிஞ்சும் பழைய டி.வி.யை விற்றால் ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியரான ஆமீனின் பேட்டாவுக்கே சரியாகப் போகும். உங்களுக்கு வழி அவருடைய சம்பளம்தான். முதல் 1,000 ரூபாயை விட்டுவிட்டு, மீதியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கலாம். 28,000 சம்பளம் என்றால் மாதம் 9,000. ஒரே டிகிரிக்கு (தீர்ப்பின்படி கோர்ட் தரும் ஆணை) மொத்தம் 24 மாதம்தான் பிடிக்க முடியும்; அதில் 2,16,000 வரும். அசலோடு வட்டியிலும் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்யவே முடியாது. மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கே அங்கே கிடையாது, முழுவதும் விலக்கு. தொழில் தெரிந்தவர், தெரியாதவர், பாதி தெரிந்தவர் எல்லோரும் இதில் தொழிலாளிதான், போனஸும் கூலிதான். அதனால் உங்கள் ஆள் "நான் மெஷினில் வேலை செய்கிறவன்" என்று நிச்சயம் மனுப் போடுவார். விசிட்டிங் கார்டில் என்ன பதவி போட்டிருக்கிறது என்பது உதவாது; கையால் உழைக்கிறாரா, மற்றவர்களை வேலை வாங்குகிறாரா என்றுதான் பார்ப்பார்கள். அவர் உண்மையிலேயே ஷிப்டில் ஆட்களை மேய்ப்பவர்தானா என்று முதலில் விசாரியுங்கள். பஞ்சு அள்ளுகிறவராக இருந்தால் சம்பளத்தை மறந்துவிட்டு வங்கிக் கணக்கைத் தேடுங்கள். முன்பு வாடகைக்குத் தந்த செக்கோ, ஆன்லைனில் அனுப்பிய ரசீதோ இருக்கிறதா? அதில் வங்கியும் கிளையும் தெரியும்.

சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வைக்கும்படியும் கேட்கலாம். கோர்ட் உத்தரவிட்டும் அந்தப் பத்திரத்தைத் தாக்கல் செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை.

இப்போது அந்த முப்பது சதவீதக்காரர். இவர்கள் வாங்குவது வெற்றுத்தாளில் கையெழுத்தும் ஒரு பவர் பத்திரமும். என்னிடம் வந்த ஒரு பெரியவர் அப்படிக் கொடுத்திருந்தார். ஏஜென்ட் குடித்தனக்காரரிடம் 60,000 வாங்கிக்கொண்டு, 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று அந்தத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். குடித்தனக்காரர் அதைக் கோர்ட்டில் காட்டினார். பெரியவருக்குப் பத்துப் பைசா வரவில்லை. கையெழுத்து மட்டும் அவருடையது. இன்னொன்று, ஏஜென்ட் ஆள் வைத்து மிரட்டினால் போலீஸ் புகாரில் உங்கள் பெயரும் சேரும். "வருகிற பணத்தில் பங்கு" என்று வக்கீலே கேட்டால் அவரிடமும் போகாதீர்கள். பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது.

"ஜெயிலில் போடுங்கள், தானாகத் தருவான்" என்றும் சொல்வார்கள். வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்ப்பவரைத்தான் உள்ளே வைக்கலாம் என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருக்கும் நாளுக்கான சாப்பாட்டுப் படியையும் நீங்கள்தான் கட்டவேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும்? ஆறு மாதத்தில் முடிக்கவேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025-ல் அதே நீதிமன்றம் கணக்கெடுத்தபோது நாடு முழுக்க 8.8 லட்சத்துக்கும் மேல் நிறைவேற்று மனுக்கள் தேங்கியிருந்தன. வழக்கில் ஜெயித்தவர் மறுபடியும் வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. இந்தத் தாமதத்தை வைத்துத்தான் அந்த ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்.

சரி, உடனே செய்யவேண்டியது: தீர்ப்பு, டிகிரி இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். சம்பளம் கொடுப்பது கோவை என்பதால், டிகிரியை அந்த ஊர் நீதிமன்றத்துக்கு டிரான்ஸ்மிட் செய்யும்படி, அதாவது அனுப்பி வைக்கும்படி, மதுரையிலேயே முதலில் மனுப் போடவேண்டும், இல்லாவிட்டால் இ.பி. அங்கே நிற்காது. நடுவில் அவர் நேரில் வந்து பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் 'பகுதித் தொகை' என்று உங்கள் கையாலேயே எழுதி, அந்த வாரமே வக்கீல் மூலம் கோர்ட்டில் பதிவு செய்துவிடுங்கள்.