பட்டா இருக்கிறது, பிளான் ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி: மணலி பக்கம் எங்களுக்கு 1,200 சதுர அடி மனை இருக்கிறது. 1998-ல் மாமனார் வாங்கியது. அப்போது அது கிராமப் பஞ்சாயத்து. ‘பஞ்சாயத்து அப்ரூவல் பெற்ற மனை’ என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. பட்டாவும் எங்கள் பெயரில்தான். கீழே மளிகைக் கடை, மேலே வீடு என்று கட்ட நினைத்து ஒரு சர்வேயரிடம் போனோம். ‘இது அபாயகரத் தொழிற்சாலைப் பகுதி, வீடு கட்டப் பிளான் அனுமதி கிடைக்காது’ என்கிறார். அதே தெருவில் பத்துப் பதினைந்து வீடுகள் இருக்கின்றன, எல்லோரும் வரி கட்டுகிறார்கள். கொத்தனாரோ, ‘கட்டிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்குச் சர்வேயர் பேச்சை. அதையும் சரிபார்த்துக்கொண்டு.

பட்டா தாசில்தார் அலுவலகத்துக் காகிதம். நிலம் யாருடையது என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதைச் சொல்வது சி.எம்.டி.ஏ. எனும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் மாஸ்டர் பிளான், அதாவது நகருக்கான முழுமைத் திட்டம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, விவசாயம் என்று ஒரு பயன்பாட்டை அது வரைபடத்தில் நிறம் போட்டுக் குறித்து வைத்திருக்கிறது. வீட்டு வரி மூன்றாவது சங்கதி. அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் மாநகராட்சி வரி போடும். அதனால் பக்கத்து வீட்டு வரி ரசீதைக் காட்டி நீங்கள் வாதாட முடியாது.

மாமனாரைக் குறை சொல்லவும் முடியாது. மாதவரத்திலிருந்து எண்ணூர் வரை ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லை நம்பி மனை வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் சென்னையின் முதல் மாஸ்டர் பிளான் 1975-லேயே வந்துவிட்டது. பெருநகரப் பகுதியாக அன்று வகுத்த 1,189 சதுர கிலோமீட்டருக்குள் மணலியும் சுற்றியுள்ள கிராமங்களும் அடக்கம். அதற்குள் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோது உங்கள் ஊரும் இரண்டாம் மண்டலத்துக்குள் வந்தது. அலுவலகத்தின் பெயர்ப் பலகை மாறியதே தவிர, மாஸ்டர் பிளானில் நிலத்துக்குப் போட்ட நிறம் அப்படியே நின்றது.

அந்த நிறத்துக்குக் காரணம் உண்டு. 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் மணலிக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வந்தன. அவற்றைச் சுற்றி ஆட்கள் குடியேற வேண்டாம் என்பதுதான் ‘சிறப்பு மற்றும் அபாயகரத் தொழிற்சாலை’ என்ற வகைப்பாட்டின் நோக்கம். வரைபடம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. இதே சி.எம்.டி.ஏ. குடியிருப்புக்கென்றே உருவாக்கிய மணலி புதுநகருக்குள் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் எத்தனை முறை புகுந்தது என்று உங்களுக்கே தெரியும். இருந்தாலும் இன்று பிளான் பார்க்கிற அதிகாரி அந்த வரைபடத்தைத்தான் பார்ப்பார்.

எனவே முதல் வேலை, சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் போட்டு, 2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானில் உங்கள் நிலம் எந்தப் பயன்பாட்டில் இருக்கிறது என்று பார்ப்பது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பட்டாவில், நிலத்தைப் பிரித்தபோது கொடுத்த உட்பிரிவுப் புது எண் இருக்கும். மாஸ்டர் பிளான் பழைய கிராம எண்ணைப் பேசும். ஒரே சர்வே எண்ணில் ஒரு பகுதி குடியிருப்பாகவும் மறுபகுதி தொழிற்சாலையாகவும் இருப்பதும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் உட்பிரிவைத் தவறாகப் படித்துவிட்டு, தன் நிலம் தொழிற்சாலைப் பகுதி என்றே இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன வந்தாலும் அதை எழுத்தில் வாங்குங்கள்.

குடியிருப்பு என்று வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. 20.10.2016-க்கு முன்பே பதிவான மனை என்பதால், ஒப்புதல் பெறாத மனைகளை முறைப்படுத்தும் மனை வரன்முறைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். அது முடிந்தால் உங்கள் அளவுக் கட்டடத்துக்கு மாநகராட்சியே அனுமதி தரும். ஒன்று மட்டும் கவனம். 2024-ல் வந்த, விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே சான்று கொடுக்கும் சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு மட்டும். உங்கள் மளிகைக் கடை அதில் வராது. பொய்யாகச் சான்று கொடுத்தால் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான். மனை ஆற்றையோ கழிமுகத்தையோ ஒட்டி இருந்தால் கட்டடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அபாயகரத் தொழிற்சாலைதான் என்று உறுதியானால், நிலப் பயன்பாட்டை மாற்றித் தரச் சொல்லி சி.எம்.டி.ஏ.விடம் விண்ணப்பிக்கலாம். பத்திரிகையில் அறிவிப்பு வந்து, ஆட்சேபம் கேட்டு, தொழில்நுட்பக் குழு பார்த்த பிறகே முடிவு வரும். ஆலைகளுக்கு நடுவே தனியாக 1,200 சதுர அடிக்கு மாற்றம் கேட்டால் கிடைப்பது கஷ்டம் என்பதே என் கணிப்பு. தெருவே சேர்ந்து கேட்டால் பேச்சுக்கு வலு கூடும். இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026 வரைதான். மூன்றாவதின் வரைவு மீது மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் எழுதிக் கொடுக்க அதுதான் நல்ல இடம்.

கொத்தனாரைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் வந்து கட்டடத்துக்குச் சீல் வைத்தால், அதைப் ‘பார்த்துக்கொள்ள’ அவர் வரமாட்டார். பிளான் இல்லாமல் வங்கியில் வீட்டுக் கடனும் கிடைக்காது.

சி.எம்.டி.ஏ. அலுவலகம் இருக்கும் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்கு நேரில் போவதாக இருந்தால் தாய்ப்பத்திரம், பட்டா, எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடம் மூன்றையும் எடுத்துப் போங்கள். பழைய சர்வே எண்ணைத் தனியாக ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்பது அதைத்தான்.