அட்டைப்பெட்டி நிறைய ஏலப் பட்டியல்கள்

கேள்வி: நாற்பது ஆண்டுகள் பண்டைய நாணயங்களைச் சேகரித்த என் சிற்றப்பா அண்மையில் காலமானார். நாணயங்களைக் குடும்பத்தார் பிரித்துக்கொண்டுவிட்டனர். அவர் வாங்கிக் குவித்த முந்நூறுக்கும் மேற்பட்ட நாணய ஏலப் பட்டியல்கள் மட்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் அது கடைசி வேலையாக இருக்கட்டும். அந்த முந்நூறில் பெரும்பகுதிக்கு நல்ல விலை கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்மைக் காலப் பட்டியல்கள் ஏராளமாக அச்சாகிச் சேகரிப்பாளர்களுக்கு இலவசமாகவே அனுப்பப்பட்டவை. அவற்றில் உள்ள மதிப்பீட்டு விலைகளும் இன்று எதற்கும் உதவா.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறொன்று. நாணயங்கள் ஒரு பக்கமும் பட்டியல்கள் ஒரு பக்கமும் போய்விட்டன. பண்டைய நாணயங்கள் கையால் அடிக்கப்பட்டவை. விளிம்பின் வடிவம், ஓரத்து வெடிப்பு, முத்திரை நடுவிலிருந்து விலகி விழுந்த விதம் ஆகியவை ஒவ்வொன்றிலும் வேறுபடும். ஆகவே ஒரு பட்டியலில் உள்ள படத்தையும் கையில் உள்ள நாணயத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று உறுதியாகச் சொல்லிவிட முடியும். பழைய பட்டியல்களில் பல படங்கள் நாணயத்தை நேரடியாக எடுத்தவை அல்ல, பிளாஸ்டர் வார்ப்புகளை எடுத்தவை. நிறமும் பளபளப்பும் அவற்றில் தெரியாவிட்டாலும் விளிம்பு தெளிவாகவே தெரியும். பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுப்பதற்கான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970ஆம் ஆண்டு உருவானதிலிருந்து, ஒரு பண்டைய நாணயம் அதற்கு முன்பே யாரோ ஒருவரின் சேகரிப்பில் இருந்தது என்பதைக் காட்டும் சான்றுக்குத் தனி மதிப்பு உண்டு. தேதியும் படமும் லாட் எண்ணும் (ஏலத்துக்கு வரும் ஒவ்வோர் உருப்படிக்கும் தரும் எண்) அச்சிட்ட ஒரு பழைய ஏலப் பட்டியலைவிட நல்ல சான்று அரிது. எனவே, முதலில் உறவினர்களிடம் உள்ள நாணயங்களின் உறைகளையும் சீட்டுகளையும் பார்த்து, அவற்றில் குறிப்பிடப்பட்டுள்ள ஏலங்களின் பட்டியல்களைத் தனியே எடுத்து, நாணயம் யாரிடம் உள்ளதோ அவரிடமே கொடுத்துவிடுங்கள். சிற்றப்பா ஓரத்தில் பென்சிலால் கோடிட்ட லாட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். அவர் வாங்கியவையாக இருக்கலாம், வாங்க முயன்று கைவிட்டவையாகவும் இருக்கலாம்.

மீதமுள்ளவற்றில் கையெழுத்துக் குறிப்புகள் உள்ளவற்றை அடுத்து எடுத்து வையுங்கள். ஏலத்தில் அமர்ந்திருந்த ஒருவர் ஒவ்வொரு லாட்டுக்கும் எதிரே விலையையும் வாங்கியவர் பெயரையும் எழுதியிருந்தால், அச்சில் எங்கும் வராத செய்தி அந்த ஒரு பிரதியில் மட்டுமே இருக்கக்கூடும். ஏலம் முடிந்தபின் தனித் தாளாக அனுப்பப்பட்ட விலைப்பட்டியல்களை உதறிக் கீழே விட்டுவிடாதீர்கள். முதலில் தொலைவது அதுதான்.

படத்தாள்களோடு கூடிய பழைய பட்டியல்களுக்கென்றே வாங்குவோர் உண்டு. மியூனிக்கில் நாணய வணிகர் யாக்கோப் ஹிர்ஷ் வெளியிட்டவை, ஜெனீவாவில் 1920களில் 'ஆர்ஸ் கிளாசிகா' என்ற பெயரில் வந்தவை போன்றவை இருந்தால், நாணயவியல் நூல்களை மட்டுமே விற்கும் வணிகர் ஒருவரிடம் காட்டாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். பெயர் பெற்ற சேகரிப்புகளின் பட்டியல்கள் என்றால் விலை கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அது எப்போதும் சரியன்று. அமெரிக்காவின் எலியாஸ்பெர்க் சேகரிப்பு 1982, 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் ஏலத்துக்கு வந்தது; அந்தப் பட்டியல்களை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள், ஆனாலும் பிரதிகள் எளிதாகவே கிடைக்கின்றன.

நூலகத்துக்குக் கொடுக்க விரும்பினால் பெட்டிகளை அனுப்புவதற்கு முன் உங்களிடம் என்னென்ன உள்ளன என்று எழுதி அனுப்புங்கள். 1858இல் தொடங்கிய அமெரிக்க நாணயவியல் கழகத்தைப் போன்ற பெரிய நூலகங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் துணையோடு இயங்கும் நியூமன் நாணயவியல் தளத்தில் ஆயிரக்கணக்கான ஏலப் பட்டியல்களை இலவசமாகப் படிக்கலாம். அங்கே இருப்பதும், உங்கள் பிரதியில் கையெழுத்து எதுவும் இல்லாததுமான ஒன்றை விட்டுவிடத் தயங்க வேண்டாம். அதற்கு முன் புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது போலிகளை அடையாளம் காணும் கண்ணைப் பழக்கும்.

கேள்வி: என்னிடம் உள்ள நாணயங்களின் படங்களை மட்டும் பழைய பட்டியல்களிலிருந்து வெட்டி, நாணய உறைக்குள் வைத்துக்கொள்ளலாமா? இடம் மிச்சமாகுமே.

பதில்: வேண்டாம். வெட்டிய படத்தில் ஏல நிறுவனத்தின் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. சான்றாக இருந்தது வெறும் காகிதத் துண்டாகிவிடுகிறது. முகப்புப் பக்கம், லாட் விவரம் உள்ள பக்கம், படத்தாள் ஆகிய மூன்றையும் நகலெடுத்து உறையோடு வைத்துக்கொண்டு, பட்டியலை முழுதாகவே ஈரம் படாத இடத்தில் நிற்க வைத்துப் பாதுகாத்து வாருங்கள். பளபளப்பான தாள்கள் ஒருமுறை நனைந்து ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படம்தான் முதலில் உரியும்.