வாசகர் கேள்வி பதில்: "என்னைப் போயி தலைவரா போட்டுட்டாங்களே!"

கேள்வி: அண்ணே, எங்க சேகரத்துல (ஒரு போதகர் பொறுப்புல இருக்கிற சபைகள்) இந்த வருஷம் இளைஞர் ஐக்கியத்துக்கு என்னை தலைவரா போட்டுட்டாங்க. நான் பன்னிரண்டாவதோட படிப்ப விட்டுட்டு வெல்டிங் பட்டறைல வேலை பாக்குறேன். எங்க குடும்பத்துல யாரும் சபைல பொறுப்புல இருந்ததே இல்ல. மைக் முன்னாடி நின்னா வார்த்தையே வரமாட்டேங்குது. என்னைவிட படிச்சவங்க, நல்லா பேசுறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க. "எனக்கு தகுதி இல்ல"ன்னு எங்க சபை போதகர் ஐயர்கிட்ட சொல்லி விலகிடலாமான்னு இருக்கு. அதுதானே தாழ்மை?
- ஒரு தம்பி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, விலகுறதா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி வேதத்துல 1 சாமுவேல் புத்தகத்தை 9ஆம் அதிகாரத்துல இருந்து கடைசி வரைக்கும் விடாம வாசிச்சிரு. எல்லாரும் தாவீது ராஜான்னா 16ஆம் அதிகாரத்துல இருந்துதான் ஆரம்பிப்பாங்க, ஆனா உன் கேள்விக்கான பதில் அவனுக்கு முன்னாடி இஸ்ரவேலுக்கு முதல் ராஜாவா இருந்த சவுல்கிட்டயே ஆரம்பிச்சிடுது.

சவுல் ஆரம்பத்துல யாரு? காணாம போன கழுதைய தேடிட்டு வந்த பையன். சாமுவேல் தீர்க்கதரிசி பெரிய காரியத்தை பத்தி பேசினதும் அவன் என்ன சொல்றான், நான் பென்யமீன் கோத்திரத்தான், இருக்கிறதுலயே சின்ன கோத்திரம், அதுலயும் எங்க குடும்பம் ரொம்ப அற்பம், என்கிட்ட ஏன் இதெல்லாம் பேசுறீங்கன்னு கேக்குறான் (9:21). நீ ஐயர்கிட்ட சொல்ல நினைக்கிறதும் கிட்டத்தட்ட அதேதான். ராஜாவா அறிவிக்கிற அன்னைக்கு ஆளையே காணோம், தேடிப் பாத்தா தட்டுமுட்டு சாமான் குவிச்சு வச்சிருக்கிற இடத்துல ஒளிஞ்சிருக்கான் (10:22). பாக்குறவங்க எல்லாம் "எவ்வளவு தாழ்மையான பிள்ளை"ன்னுதான் சொல்லியிருப்பாங்க.

ஆனா அதே சவுல் கில்கால்ல சாமுவேல் வர்ற வரைக்கும் 7 நாள் காத்திருக்க வேண்டியவன், ஜனங்க விட்டுட்டு போறாங்கன்னு பதறி தானே பலி செலுத்திட்டான். அமலேக்கியர்ங்கிற எதிரிகளை முழுசா அழிக்கணும்னு கர்த்தர் சொன்னதை ஏன் மீறினன்னு சாமுவேல் கேட்டப்போ, ஜனங்களுக்கு பயந்துதான் அவங்க சொன்னத கேட்டேன்னு அவன் வாயாலயே சொல்றான் (15:24). பாவம் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டே, மூப்பர்கள் முன்னாடி என்னை கொஞ்சம் கனம்பண்ணுங்கன்னு கெஞ்சுறான் (15:30). அன்னைக்கு சாமான்களுக்குள்ள ஒளிஞ்சிக்க வச்சதும், பின்னாடி தப்பு மேல தப்பு செய்ய வச்சதும் ஒரே பயம்தான்னு எனக்கு தோணுது, மனுஷங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்கங்கிற பயம். கூச்சம் ஒரு சுபாவம், அதுல தப்பே இல்ல, ஆனா அதை தாழ்மைன்னு நம்பி பேசாம இருந்துட்டா அது உள்ளுக்குள்ளயே வளர்ந்துட்டு இருக்கும்.

இப்ப தாவீதுக்கு வா. பெத்லெகேம்ல ஈசாய் வீட்டுல 8 பையங்க. அடுத்த ராஜாவை அபிஷேகம் பண்ண சாமுவேல் வந்து நிக்கிறாரு, 7 பேர் வரிசையா அவர் முன்னாடி வந்து போறாங்க, எட்டாவது பையனை கூப்பிடணும்னு பெத்த அப்பாவுக்கே தோணல. "பிள்ளைகள் இவ்வளவுதானா"ன்னு சாமுவேல் கேட்ட பிறகுதான் கடைக்குட்டி ஒருத்தன் ஆடு மேய்ச்சிட்டு இருக்கான்னு பேச்சே வருது. சாமுவேல் மாதிரி ஒரு தீர்க்கதரிசியே மூத்தவன் எலியாப்போட உயரத்தை பாத்து இவன்தான்னு முடிவு பண்ணிட்டாருன்னா, நம்ம சபைல ஆளுங்க உன்னைப் பத்தி என்ன கணக்கு போட்டாலும் அது கடைசி கணக்கு இல்லடா.

தாவீது தலைல எண்ணெய் ஊத்தி அபிஷேகம் பண்ணியாச்சு, அடுத்து என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல! திரும்ப ஆட்டுக்கிட்டயே போயிட்டான். கொஞ்ச நாள் கழிச்சு சவுல் ஆள் அனுப்பும்போது "ஆட்டு மந்தையில் இருக்கிற உன் மகன்"னுதான் ஈசாய்கிட்ட கேக்குறான். அரண்மனைல சுரமண்டலம் வாசிக்கிற வேலை கிடைச்ச பிறகும் நடுநடுவுல வீட்டுக்கு வந்து அப்பா ஆட்டை மேய்ச்சான்னு 17:15 சொல்லுது. அபிஷேகம் ஆனவன் சாணி நாத்தத்துல போயி நிக்கிறான், என்னை ஏன் இன்னும் இங்க வச்சிருக்காங்கன்னு ஒரு வார்த்தை முறுமுறுத்ததா எங்கயும் எழுதல.

யுத்தம் நடக்கிற இடத்துக்கு அவன் போனதுகூட சண்டை போட இல்ல, அண்ணன்களுக்கு வறுத்த பயறும் 10 அப்பமும், அதிபதிக்கு 10 பால்கட்டியும் கொண்டுபோயி குடுக்கத்தான் அப்பா அனுப்பினாரு. போறதுக்கு முன்னாடி என்ன செஞ்சான் பாரு, ஆடுகளை ஒரு காவலாளிகிட்ட ஒப்படைச்சிட்டு போனான் (17:20). கோலியாத்தை அடிச்சது எல்லாருக்கும் தெரியும், இந்த ஒரு வரியை யாரும் பிரசங்கம் பண்ணி நான் அதிகமா கேட்டதில்ல, ஆனா தலைவன் தயாராகுற இடம் இதுதான்னு நான் நினைக்கிறேன். அண்ணன் எலியாப் கூட்டத்துக்கு நடுவுல "அந்த கொஞ்ச ஆட்டை யார்கிட்ட விட்டுட்டு வந்த, உன் அகங்காரம் எனக்கு தெரியும்"னு கேவலமா பேசும்போது, தாவீதுகிட்ட சரியான பதில் இருந்துச்சு, ஆனாலும் சண்டைக்கு நிக்கல, அழுதுட்டு வீட்டுக்கும் ஓடல, அண்ணனை விட்டு திரும்பி வேற ஒருத்தன்கிட்ட, கோலியாத்தை கொல்றவனுக்கு என்ன செய்வாங்கன்னு முன்னாடி கேட்ட அதே கேள்விய மறுபடி கேட்டான் (17:30). சவுலுக்கு இல்லாம போனது இதுதான். திட்டு வாங்கினாலும் வேலைய விடமாட்டான், பாராட்டு கிடைச்சாலும் ஆட்டை மறக்கமாட்டான்.

ஆடு மேய்க்கும்போது சிங்கமும் கரடியும் வந்தது யாரும் பாக்காத காட்டுல. ஒரு குட்டி போனா போகட்டும்னு விட்டிருந்தா யார் கேக்கப் போறா? அவன் துரத்திட்டுப் போனான். தம்பி, உன் பட்டறைல முதலாளி இல்லாத நேரத்துல நீ வைக்கிற ஜாயிண்ட் எப்படி இருக்குது? பெயிண்ட் அடிச்சா வெளிய தெரியாதுன்னு விடுறியா, இல்ல அதுல ஏறி நிக்கப்போற மனுஷனை நினைச்சு திரும்ப ஒருதடவை வைக்கிறியா? கர்த்தர் உன்னை தயார்பண்றது சபைல மைக் குடுத்த அன்னைக்கு ஆரம்பிக்கல. மைக் பயம் போறதுக்கு ஜெபத்தோட கொஞ்சம் பிராக்டிஸும் பண்ணு, பேச வேண்டியத வீட்டுல சத்தமா நாலு தடவை வாசி. சங்கீதம் 78 முடிவுல தாவீது ஜனங்களை இருதயத்தின் உண்மையாலயும் கைகளின் திறமையாலயும் நடத்தினான்னு ரெண்டையும் சேர்த்துதான் எழுதியிருக்கு. விலகாத தம்பி.

கேள்வி: கர்த்தர் அழைச்சிருக்காருன்னு எனக்கு நிச்சயமா தெரியுது, ஆனா வருஷக்கணக்கா ஒரு வாசலும் திறக்கல. எவ்வளவு நாள்தான் காத்திருக்கிறது?
- ஒரு சகோதரி, மதுரை

பதில்: தாவீது ராஜாவானப்போ வயசு 30, அதுவும் எப்ரோன்ல யூதா கோத்திரத்துக்கு மட்டும், முழு இஸ்ரவேலும் கைக்கு வர இன்னும் ஏழரை வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி, சவுல் அவனை கொல்லத் துரத்தினப்போ எங்க இருந்தான்னு பாருங்க சிஸ்டர், குகைல, வனாந்தரத்துல, எதிரி நாட்டுல. அதுல்லாம் குகைக்கு அவன்கிட்ட வந்து சேந்தவங்க சுமார் 400 பேர், எல்லாரும் ஒடுக்கப்பட்டவங்க, கடன்காரங்க, மனசு கசந்து போனவங்க (1 சாமுவேல் 22:2). அந்த 400 பேரை வச்சு குடும்பம் நடத்துறதுதான் அவனுக்கு கிடைச்ச காலேஜ். இந்த மாதிரி ஆளுங்களை நேசிக்க கத்துக்காதவனை ஒரு தேசத்துக்கு ராஜாவாக்கினா என்ன ஆகும்?

என்கேதி குகைல சவுல் தனியா கைல கிடைச்சான். கூட இருந்தவங்க எல்லாம், கர்த்தர் சொன்ன நாள் இதுதான்னு வசனம் மாதிரியே பேசி உசுப்பிவிடுறாங்க. தாவீது சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தான், அதுக்கே அவன் மனசு அவனை அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வாசல் திறந்திருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் அது கர்த்தர் திறந்ததா நாமளே உடைச்சதான்னு பாக்கணும், இந்த இடத்துல நிறைய நல்ல ஊழியக்காரங்க சறுக்கியிருக்காங்க, சீனியரை தள்ளிவிட்டு ஏறினவங்க எத்தனையோ பேர்.

அதுக்காக காத்திருக்கிற காலத்துல தாவீது பூரண புருஷனா இருந்தான்னு நினைச்சிடாதீங்க. நாபால்ங்கிற பணக்காரன் அவமானப்படுத்தினான்னு 400 பேரோட பட்டயம் கட்டிட்டு கிளம்பிட்டான், ஒரு வீட்டையே அழிக்கிற கோவத்துல. நாபாலோட மனைவி அபிகாயில் வழில வந்து விழுந்து, நாளைக்கு நீங்க ராஜாவாகும்போது இந்த ரத்தப்பழி உங்க மனசுல இருக்கக்கூடாதுன்னு எடுத்து சொன்னா. அவன் ஒரு பொம்பளை பேச்சை கேக்கணுமான்னு நினைக்கல, உன்னை அனுப்பின கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு திரும்பிட்டான். உங்களை நிறுத்தி சொல்றதுக்கு பக்கத்துல ஒரு ஆள் இருக்காங்களா, அவங்க சொன்னா நீங்க நிப்பீங்களா? வாசல் எப்ப திறக்கும்ங்கிறத விட இதுதான் இப்ப முக்கியம்.

கேள்வி: வேதத்துல நடந்தது சரி. நம்ம ஊர்ல, நம்ம மக்கள்ல இப்படி கர்த்தர் ஒருத்தரை கிராமத்துல இருந்து எடுத்து தயார்பண்ணி உயர்த்தினாருன்னு சொல்ல முடியுமா?
- ஒரு சண்டே ஸ்கூல் டீச்சர், பாளையங்கோட்டை

பதில்: உங்க ஊர்ல உக்காந்துட்டு இப்படி கேக்கலாமா டீச்சர்! வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874ல வெள்ளாளன்விளைல பொறந்தவர், இன்னைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். அப்பா கிராமத்து ஐயர், அவரும் பையனோட சின்ன வயசுலயே தவறிட்டாரு. சென்னை கிறிஸ்தவ கல்லூரில படிச்சு, 1895ல ஒய்.எம்.சி.ஏ.ங்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துல செயலாளரா சேந்து ஊர் ஊரா சுத்தினாரு. 1902ல யாழ்ப்பாணம் போனப்போ அங்க இருக்கிற தமிழ் கிறிஸ்தவங்க தங்களோட பணத்துலயே மிஷனரி வேலை செய்யிறத பாத்துட்டு, நம்மளால ஏன் முடியாதுன்னு வந்து, 1903ல திருநெல்வேலில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நின்னாரு.

எனக்கு ரொம்ப பிடிச்சது அதுக்கப்புறம் நடந்ததுதான். மத்தவங்களை போங்க போங்கன்னு சொல்லிட்டு இருந்த மனுஷன், நான் போக வேண்டாமான்னு 1909ல தானே குருப்பட்டம் வாங்கிட்டு தோர்ணக்கல்லுக்கு மிஷனரியா போயிட்டாரு. நிஜாம் ஆட்சியில இருந்த ஹைதராபாத் சமஸ்தானம் அது, பாஷை தெலுங்கு, தேசம் முழுக்க பேர் தெரிஞ்ச ஒரு ஆளு அங்க போயி சின்னப்பிள்ளை மாதிரி புது பாஷை கத்துக்கிட்டு, ஊருக்கு வெளிய ஒதுக்கி வச்சிருந்த ஜனங்ககூட கிராமம் கிராமமா உக்காந்தாரு. தாவீது திரும்ப ஆட்டுக்கிட்ட போனது எனக்கு இங்கதான் ஞாபகம் வருது.

அதேசமயம் பயந்தவரும் இல்ல. 1910ல எடின்பரோல உலக மிஷனரி மாநாடு, வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைஞ்ச சபை, அதுல 35 வயசு தமிழர் எழும்பி, நீங்க எங்களுக்காக எவ்வளவோ தியாகம் பண்ணியிருக்கீங்க, நன்றி, ஆனா எங்களுக்கு அன்பும் வேணும், எங்களுக்கு நண்பர்களை தாங்கன்னு கேட்டாரு. நிறைய பேருக்கு அது கசந்துச்சு. ஆனாலும் 1912 டிசம்பர் 29ல கல்கத்தா தூய பவுல் பேராலயத்துல அவரை பேராயரா அபிஷேகம் பண்ணாங்க, ஆங்கிலிக்கன் சபைல முதல் இந்திய பிஷப். 1945 ஜனவரி 1ல சாகுற வரைக்கும் தோர்ணக்கல்லை விட்டு வேற இடத்துக்கு மாறல. உங்க கிளாஸ் பிள்ளைங்களுக்கு இதை கதையா சொல்லுங்க, லீவுல ஒருநாள் வெள்ளாளன்விளைக்கு கூட்டிட்டுப் போங்க, பக்கம்தானே.

கேள்வி: நான் சேகர கமிட்டில இருக்கேன். இந்தக் காலத்து பிள்ளைங்ககிட்ட பொறுப்பை குடுக்கவே பயமா இருக்கு. எங்களை மாதிரி பெரியவங்க என்ன செய்யணும்?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐயா, உங்க கவலை நியாயம்தான், ஆனா உங்களுக்கு முன்னாடி 2 பேர் இருக்காங்க. ஒருத்தர் சவுல், தன்னோட கவசத்தை தாவீதுக்கு மாட்டிவிட்டாரு, பையனால நடக்கவே முடியல. நம்ம கமிட்டிகள்ல பாதி இதைத்தான் செய்யுது, பொறுப்பை குடுத்துட்டு, நாங்க 30 வருஷமா செஞ்ச மாதிரியே செய்யணும்னு சொல்றது. இன்னொருத்தர் சவுலோட மகன் யோனத்தான். சட்டப்படி அடுத்த ராஜா அவன்தான், ஆனா தன் சால்வையும் பட்டயமும் வில்லும் கச்சையும் கழட்டி தாவீதுக்கு குடுத்தான், அவன் ஒளிஞ்சு திரிஞ்சப்போ காட்டுக்கு தேடிப்போயி, பயப்படாத, நீ ராஜாவா இருப்ப, நான் உனக்கு ரெண்டாவதா இருப்பேன்னு அவன் கையை தேவனுக்குள்ள திடப்படுத்தினான் (1 சாமுவேல் 23:16, 17).

நடைமுறைல சொல்லணும்னா, இந்த வருஷ அசனத்துக்கு (சபை விருந்துக்கு) சமையல் கணக்கு முழுசையும் ரெண்டு வாலிபர்கிட்ட குடுங்க, பந்தில முதல்ல வெளிய நிக்கிற ஏழைங்களுக்கு போடுறாங்களா, மிச்ச பணத்தை கேக்காமலே கொண்டுவந்து குடுக்கிறாங்களா, பாத்திரம் கழுவுற வரைக்கும் நிக்கிறாங்களான்னு பாருங்க. தப்பு நடந்தா எல்லார் முன்னாடியும் திட்டாதீங்க, தனியா கூப்பிட்டு சொல்லுங்க, அடுத்த வருஷமும் அவங்ககிட்டயே குடுங்க.