ரீபில்ட் செய்த கார் என்ஜினை வண்டியில் ஏற்றும் முன் வெளியே ஓட்டிப் பார்க்க வேண்டுமா?

கார்புரேட்டர் வைத்த பழைய என்ஜின் என்றால் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். ஆனால் அரைமணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

அப்பா தண்டையார்பேட்டையில் வாடகைக்கு ஓட்டிய அம்பாசடர் எங்களுடையது. 1489 சிசி பெட்ரோல் என்ஜின். (1949 வாக்கில் நம் எண்ணூரில் அசெம்பிள் செய்த ஆஸ்டின் ஏ40 காரின் என்ஜினிலிருந்து வளர்ந்த வம்சம்தான் அது. எனக்கு அதில் இன்றும் பெருமை.) முதல் தடவை ரீபில்டில் சிலிண்டர்களைக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் ஷாஃப்டை கிரைண்டிங் செய்து, நேராக வண்டியில் ஏற்றிவிட்டோம். ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடத்தில் மேனிஃபோல்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் ஒழுகியது. என்ஜின் பிளாக்கின் தண்ணீர்த் துளையை அடைக்கும் தகடான வெல்ச் பிளக் துருப்பிடித்து ஓட்டை. எங்கள் பக்கம் கடல் ஒட்டிய ஊர், போர்வெல் தண்ணீர் உப்பு. வருடக்கணக்கில் அதைத்தான் ரேடியேட்டரில் ஊற்றியிருந்தோம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகட்டுக்காக என்ஜினை மறுபடி செயின் பிளாக்கில் தூக்கி இறக்கினோம். அப்பாவுக்கு நான்கு நாள் சவாரி போனது.

அடுத்த தடவை வேலை எடுத்த பாய், "தம்பி, ஏத்துறதுக்கு முன்னாடி கீழயே ஓடவிட்டுப் பாத்துடலாம்" என்றார். கனமான ஆங்கிளில் ஃபிரேம் வெல்டு செய்து, என்ஜினை முன்னும் பின்னும் போல்ட் போட்டு இறுக்கினார். பின்பக்கம் மட்டும் பிடித்துச் சுழற்றும் ஸ்டாண்டு வேலை செய்வதற்குத்தான், அதில் வைத்து ஸ்டார்ட் செய்யவே கூடாது. ரேடியேட்டர், பேட்டரி, ஆயில் பிரஷர் கேஜ், சைலன்சர் பைப் எல்லாம் அதே ஃபிரேமில். பெட்ரோல் கேன் மட்டும் எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம், தள்ளி.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்ததுதான் முக்கியம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, கேஜில் முள் ஏறும்வரை செல்ஃப் அடித்தார். பிளக் இல்லாததால் கம்பிரஷன் கிடையாது, பேரிங்கில் பாரம் விழாமலே ஆயில் போய்ச் சேரும். காய்ந்த பேரிங்கோடு ஸ்டார்ட் செய்தால் லேத்தில் செய்த வேலை முழுக்க வீண்.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும், அதன் மேல் உரசி ஓடும் டேப்பட்டும் புதிது. அதனால் ஸ்டார்ட் ஆனதும் ஐட்லில் விடாமல் 2000 ஆர்.பி.எம். பக்கம் 20 நிமிடம் வைத்தார். கிராங்க் சுற்றித் தெறிக்கும் ஆயில்தான் கேமுக்குப் போகிறது, ஐட்லில் அது போதாது. அந்த நேரம் முழுக்க நான் டார்ச்சோடு கசிவு தேடினேன். சூடான பிறகு ஓட்டத்தில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ. ஒட்டி நின்றது. ராக்கர் கவர் ஓரம் மட்டும் லேசாக ஆயில் கசிந்தது. கேஸ்கட் மாற்றினோம், பத்து நிமிட வேலை.

சரியாக ஓடுகிறதே என்று மணிக்கணக்கில் விடத் தோன்றும், விடாதீர்கள். பாரம் ஏறும்போது சிலிண்டரில் எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டன் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ளுகிறது. அப்போதுதான் ரிங் சிலிண்டரில் சரியாகப் பொருந்தி உட்காரும். ஃபிரேமில் ஓடும்போது அந்தப் பாரம் கிடையாது. சும்மா ஓடிக்கொண்டே இருந்தால் சிலிண்டர் சுவரில் ஆயில் பிடிக்கப் போட்ட மெல்லிய ஹோனிங் கோடுகள் பளபளத்துப் போய் என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். நாங்கள் அணைத்து ஆறவிட்டு, ஹெட் போல்ட் இறுக்கம், டேப்பட் இடைவெளி இரண்டையும் சரிபார்த்து வண்டியில் ஏற்றினோம். மறுநாள் விடியற்காலை, கன்டெய்னர் லாரி நெரிசலுக்கு முன், மீஞ்சூர் பக்கம் போய் மூன்றாம் கியரில் நாற்பதிலிருந்து அறுபதுவரை ஏற்றி, ஆக்சிலேட்டரை விட்டு, மறுபடி ஏற்றி என்று பல தடவை செய்தோம். 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றினோம்.

சந்துக்குள் செய்வதாக இருந்தால் ஷெட்டுக்கு வெளியே வையுங்கள். எக்ஸாஸ்ட் புகை மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும். ஃபேன் திறந்தபடி சுற்றும், லுங்கியோடு கிட்டே போகாதீர்கள். தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

உங்களுடையது இ.சி.யு. (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) வைத்த புதிய வண்டி என்றால் வயரிங், சென்சார், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) அத்தனையும் வெளியே இழுத்து மாட்ட வேண்டியிருக்கும். அதற்கு நான் மெனக்கெட மாட்டேன். வெல்ச் பிளக்குகளை மாற்றி, ஸ்பார்க் பிளக் கழற்றி ஆயில் பிரஷர் ஏற்றி, கம்பிரஷன் பார்த்துவிட்டு நேராக ஏற்றிவிடுவேன்.